மேலத்தெரு டேங்க்கில் குணசீலன் பேசிய காலம்

பேராவூரணிக்குக் கிழக்கே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஆறும் இருந்தும் குடிக்கிறதுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்கை மட்டுமே நம்பியிருந்த மேலத்தெருவில், சுடர்விழியின் லேப்டாப்பில் சத்தம் நின்றுபோன அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது, மூடியின் கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது, முதலில் இருந்த சிஸ்டம் கிழட்டு மாடு மாதிரி நடக்க ஆரம்பித்தபோது பாலிடெக்னிக்கில் படித்த தைரியத்தில் அவளே லினக்ஸ் ஏற்றி வைத்திருந்தாள், அப்படிப்பட்ட பெட்டி இத்தனை நாள் பேசினதே அதிகம் என்றுதான் அவளுடைய மாமியார் சிவபாக்கியம் சொன்னாள்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வளைகுடாவில் வேலை முடிந்து குணசீலன் கூப்பிடுவான். அவன் இருந்த நாட்டில் போனில் முகம் பார்த்துப் பேச வழியில்லை, கம்பெனிக்காரர்கள் திறந்துவிட்டிருந்த ஒரே வழி கம்ப்யூட்டரில் மட்டும் பிடிபட்டது, அதனால் புருஷன் பெண்டாட்டியின் குடித்தனம் மொத்தமும் அந்த ரப்பர் பேண்ட் போட்ட பெட்டிக்குள்தான் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் முகம் வந்தது. உதடு அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. சுடர்விழி சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அமுக்கி அமுக்கி, திரையில் கோடு நிரம்பி, அதற்குமேல் நிரம்ப இடமில்லாமல் நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் டேங்க்கடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஜெயமேரியின் காதருகே அந்த டேங்க் கேட்டது:

"சுடரு, சாப்டியா?"

ஜெயமேரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "இன்னும் இல்ல தம்பி, இப்பதான் ஒல வச்சிருக்கா," என்று டேங்க்குக்குப் பதில் சொல்லிவிட்டு, குடம் தளும்பாமல் நடந்து வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"சுடரு, ஒன் வீட்டுக்காரரு டேங்க்ல பேசறாருடி. சாப்டியான்னு கேட்டாரு. நான் சொல்லிட்டேன்."

"சரிக்கா," என்றாள் சுடர்விழி.

பிறகு அவள் அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். சத்தம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று லினக்ஸ் கேட்கிற இடத்தில் எப்போதும் இரண்டு வரிகள் இருக்கும், ஒன்று உள் ஸ்பீக்கர், இன்னொன்று ஹெட்போன். அன்று மூன்றாவதாக மேலத்தெரு டேங்க் என்று ஒரு வரி இருந்தது, அதற்கு நேரேதான் புள்ளி விழுந்திருந்தது. அவள் புள்ளியை எடுத்து உள் ஸ்பீக்கரில் வைத்தாள். தன் மூலையிலிருந்து தூக்கி வேறு இடத்தில் விட்ட பூனை மாதிரி அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே நடந்து போயிற்று. ஹெட்போன் செருகிப் பார்த்தாள், ஓட்டைக்குள் ஏதோ தடுத்து உள்ளே போகவில்லை, ஓட்டையும் நசுங்கிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். ஜெயமேரி கொடுத்த ப்ளூடூத் ஸ்பீக்கர் இணைந்துவிட்டேன் என்று நீல விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது.

சரி, குரல் இருக்கிற இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோவோம் என்று மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டேங்க்கடிக்கே போனாள். அவள் போய்ச் சேர்ந்ததும் டேங்க் வாயை மூடிக்கொண்டது, "ஏ புள்ள, இங்க அரிசி டிரம்முல பேசறான்டி!" என்று வீட்டிலிருந்து சிவபாக்கியம் கத்தினாள். திரும்பி ஓடிவந்தால் டிரம் அடங்கிப்போய் டேங்க் திறந்துகொண்டது. முகம் இருக்கிற இடத்தில் குரல் இல்லை, குரல் இருக்கிற இடத்தில் முகம் இல்லை, எங்கே தூக்கிக்கொண்டு ஓடினாலும் இரண்டுக்கும் நடுவே அதே கூப்பிடு தூரம். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் இப்படி ஏதாவது ஒரு கோளாறு இருக்கத்தான் செய்யும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டில் ஒருத்திக்குப் புருஷன் கூப்பிடுகிற நேரத்துக்கெல்லாம் பால் திரிந்துபோகும். அதனால் சுடர்விழியும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, முகத்தை மடியில் வைத்து, குரலைத் தெருவிலிருந்து வாங்கிப் பேசப் பழகிக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தண்ணீர் வாசத்தோடு அது வந்து சேரும்.

தெருவும் பழகிக்கொண்டது. தெரு பழகிக்கொண்ட விதம்தான் சொல்லவேண்டியது.

குணசீலன் ஊரில் இருந்தவரைக்கும் அவன் குரல் எப்படி இருக்கும் என்றே பாதிப்பேருக்குத் தெரியாது. தென்னந்தோப்பும் உண்டு அவனும் உண்டு என்று இருந்தவன், "சரிங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்காதவன், புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்த பிறகு ஏசி மெக்கானிக் வேலை பழகிக்கொண்டு போனவன். அந்தச் சின்னக் குரல் டேங்க்குக்குள் விழுந்ததும் கோயில் மண்டபத்தில் விழுந்த குரல் மாதிரி பெருத்து, வட்டமாகி, கேட்கிறவர் நெஞ்சில் லேசாக அதிர்ந்தது. மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மாடியில் நின்று ஏசி மாட்டுகிற கதை சொன்னான், கூட இருக்கிற நேபாளத்துக்காரன் சம்பள நாளன்று புறாக்களுக்குப் பிரியாணிச் சோறு போடுகிற கதை சொன்னான், மணல்காற்று அடித்தால் பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிற கதை சொன்னான். பெண்கள் காய்கறியும் அரிவாள்மணையும் எடுத்துக்கொண்டு டேங்க்கடிக்கு வந்தார்கள். ரிட்டயரான பஸ் கண்டக்டர் தட்சிணாமூர்த்தி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்தார். மீன்காரர் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது ஹாரனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். குழாயடிச் சண்டைகள் பக்கத்துத் தெருக் குழாய்க்கு மாறின, டேங்க் சத்தம் கேட்கிற தூரத்தில் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. ஆயுத பூஜைக்கு டேங்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், ஜெயமேரி அதற்குக் கீழே ஒரு சிலுவை ஸ்டிக்கரும் ஒட்டினாள், ரெண்டும் இருக்கட்டும், பாதுகாப்புக்கு என்றாள்.

அவனுக்குக் காய்ச்சல் அடித்த வாரம் குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது, பிள்ளைகளைக் குளிப்பாட்ட வசதியாயிற்று. நேபாளத்துக்காரனைத் திருப்பி அனுப்பிய அன்று தண்ணீரில் லேசாக உப்புக் கரித்தது, குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போட்டார்கள். பஞ்சாயத்து ஆள் பிளீச்சிங் பவுடரோடு டேங்க் கழுவ வந்தபோது, பேச்சு கலங்கிப்போகும் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பதில் சொல்வதுதான் கொஞ்சம் சுற்றுவழி. டேங்க்குக்கு வாய் இருந்ததே தவிர காது இல்லை, காது சுடர்விழியின் மடியில் இருந்தது. அதனால் தெரு ஜன்னலைப் பார்த்துக் கத்தும், அவள் அதைத் திரையிடம் சொல்வாள். "கண்டக்டர் மாமா கேக்குறாரு, அங்க டபுள்டெக்கர் பஸ் உண்டான்னு." "ஜெயமேரியக்கா கேக்குறாங்க, புறா முட்டை வச்சிருச்சான்னு." இப்படி ஊர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி, தான் கேட்க நினைத்தது பல நாள் தொண்டையிலேயே தங்கிவிடும். முதலில் "சுடரு, சாப்டியா" என்று ஆரம்பித்த டேங்க், கார்த்திகைக்குள் "எல்லாரும் சாப்டாச்சா" என்று ஆரம்பிக்கத் தொடங்கியதை அவள் கவனித்தாள். தெரு ஒரே குரலில் "ஆச்சு!" என்றது. அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பாள். அவளை உலுக்கியது மகள்.

மகிழினி தவழ்கிற வயதில் குணசீலன் கடைசியாக லீவில் வந்து போனான். இப்போது அவள் தெருவெல்லாம் ஓடுகிறாள், ஓடுகிற ஓட்டத்தில் டேங்க்கடியில் நின்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள், தன் பிஸ்கட்டில் பாதியை அதன் மேடையில் வைத்துவிட்டு வருகிறாள். திரையில் தெரிகிற முகத்துக்கு அவள் வைத்த பெயர் டிவி மாமா. ஒருநாள் ஜெயமேரி வெங்காயம் உரித்துக்கொண்டே, "மகிழு, அப்பா எங்கடி?" என்று கேட்க, பிள்ளை டேங்க்கைக் கட்டிக்கொண்டது.

"அப்பாவுக்கு எத்தன கை?"

பிள்ளை கீழே இருந்த இரண்டு குழாய்களையும் தொட்டுக் காட்டியது. "ரெண்டு கை. ஒண்ணு ஒழுகுது."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. கண்டக்டர் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார். சிவபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுடர்விழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, மூடியிருந்த லேப்டாப்பைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாள், காலையிலேயே கூப்பிட்டான். தெருவும் காலையிலேயே கூடியிருந்தது. புறாக்கதை முடிந்ததும் டேங்க் சொன்னது:

"கம்பெனியில கேக்குறாங்க. இன்னொரு காண்ட்ராக்ட் போட்டுக்கறியா, கெளம்புறியான்னு. அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லணும். சுடரு, நீ என்ன சொல்ற?"

போன தடவை இதே கேள்விக்கு அவள் "உங்க இஷ்டங்க" என்றிருந்தாள். இந்தத் தடவை வேறு ஒரு சொல் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அது வெளியே வருவதற்குள் ஜன்னல் வழியாகத் தெரு உள்ளே வந்துவிட்டது.

"இருந்துட்டு வா மாப்ள!" கண்டக்டர் எழுந்து நின்று கத்தினார். "இங்க வந்து எதப் பாக்கப்போற, தென்னையா நிக்கிது?"

"மாடி எடுத்துட்டு வா தம்பி! புள்ள படிப்பு இருக்குல்ல!" இது ஜெயமேரி.

சிவபாக்கியம் கத்தவில்லை. ஆனால் டேங்க்கடியில் உட்கார்ந்தபடி அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காற்றோடு வந்து சுடர்விழிக்குக் கேட்டது. "இங்க இருந்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனவனா அவன்? இப்பதான் தெனமும் பேசறான். இருக்கட்டும், அங்கயே இருந்து பேசட்டும்."

டேங்க் பெரிதாகச் சிரித்தது. "சரி சரி, ஊரே சொல்லிருச்சு. அப்பறம் என்ன?"

தெரு கேட்டது அவ்வளவுதான். ஆனால் முகம் சுடர்விழியின் மடியில் அல்லவா இருந்தது? சிரிப்புச் சத்தம் வெளியே தண்ணீரில் உருண்டுகொண்டிருந்தபோது, திரையில் இருந்த முகம் சிரிக்கவில்லை. அது கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது, சாப்பாட்டுத் தட்டையோ, தன் கையையோ. அவன் அவளைப் பார்க்காமலேயே திரை அணைந்தது.

அந்த முகம் எதைச் சொல்லியது, அந்தக் குரல் எதை மறைத்தது, இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்காமல் தனக்குத் தெரியப்போவதில்லை என்று சுடர்விழிக்கு விளங்கியது. அடுத்த வெள்ளிக்குள் சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜெயமேரியிடம் மட்டும் சொன்னாள், அதனால் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

யாரும் கூடாதென்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக்குக் குழம்பும் பொரியலும் வந்துகொண்டே இருந்தன. காரணம் கேட்டால், "சும்மாதான், ஒனக்குப் புடிக்குமேன்னு" என்றார்கள். கண்டக்டர் தட்சிணாமூர்த்தி வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ரிப்பேர் பாக்கப்போறியாம்ல?"

"ஆமா மாமா."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்தி எஞ்சினத் தெறக்கணும்? பிரயாணியெல்லாம் உக்காந்துருக்காங்கள்ல."

"எல்லாரும் உக்காந்துருக்கீங்க மாமா. எனக்குத்தான் எடமில்ல."

அவர் வந்ததற்கு அடையாளமாக ஒரு முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டுப் போனார்.

சுடர்விழி கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளை அடித்தாள். சத்தத்தின் பாதைகள் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரி வரிசையாக எழுந்து நின்றன, ஒன்றில் நிரம்பி, ஒன்றில் பாதி, ஒன்றில் வறண்டு. ஸ்பீக்கர் என்று பெயர் போட்ட குழாயின் அடியில், வாய் அடைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் இருந்தது. அடைப்பை எடுக்கிற எம் எழுத்தை அமுக்கினாள், அடைப்பு திறந்து பச்சையாயிற்று, அவள் மூச்சை விடுவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. திறந்தாள், மூடியது. சத்தத்தைக் கவனிக்கிற நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்த்தாள், டேங்க் ஒரு தும்மல் போட்டு அடங்கியது. உலகத்தில் லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் தங்கள் குறைகளை எழுதிவைக்கிற பக்கங்களில் நாள்கணக்காகத் தேடினாள், கடைசியில் எந்த நாட்டிலோ ஒருவர் எழுதியிருந்தார்: எனக்கும் இப்படித்தான் ஆனது, என் பெட்டி பக்கத்து வீட்டு அடுப்புக்குள் பேசியது, ஹெட்போன் ஓட்டையைப் பார்.

அவள் அதைப் படித்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையில் கேட்டாள்: ஹெட்போன் செருகியிருக்கிறதா? செருகியிருக்கிறது என்றது இயந்திரம். எதுவும் செருகியிருக்கவில்லை. ஆனாலும் செருகியிருப்பதாகவே அது இத்தனை மாதமும் நம்பியிருந்தது. ஒருவர் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இயந்திரம் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும், அது அதன் மரியாதை. மூடிய வாய்க்குள் தேங்கிய சத்தம்தான் போக இடம் தேடி, பக்கத்தில் காலியாக முழங்கிய முதல் பாத்திரத்துக்குள் போய் விழுந்திருக்கிறது.

போன் வெளிச்சத்தை அடித்து ஓட்டைக்குள் பார்த்தாள். அடியில் தங்கநிறத்தில் ஒரு புள்ளி மின்னியது. உடைந்த ஹெட்போன் பின்னின் நுனி.

அது எந்த ஹெட்போன் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவன் கடைசியாக லீவில் வந்தபோது, இரண்டு அறை வீட்டில், பக்கத்து அறையில் சிவபாக்கியம் படுத்திருக்க, பாட்டுக் கேட்கிற சாக்கில் ஒரே ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவன் காதிலும் மறுபக்கத்தை அவள் காதிலும் மாட்டிக்கொண்டு தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் பாட்டைக் கேட்காமல், அவள் காதருகே எதையோ சொல்லிக்கொண்டிருந்தான், வெளியே யாருக்கும் கேட்காத அந்தச் சின்னக் குரலில். மடியில் இருந்த மகிழினி வயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள், பின் முறிந்து போயிற்று, அவர்கள் சத்தம் வராமல் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டி, அவர்கள் இருவரும் இன்னும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏன் இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டு இந்த வருஷம் அதற்கு அந்த நினைப்பு முற்றியது என்று அவள் யோசிக்கவில்லை. தனக்கும் இந்த வருஷம்தான் முற்றியிருந்தது.

எடுக்க வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்துவிட்டால், யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அந்தப் பெட்டிக்கும் தெரிந்துபோகும்.

வெள்ளிக்கிழமை காலையில் பேனா ரீஃபிலின் முனையில் ஒரு சொட்டு ஒட்டுப்பசை தொட்டு, ஓட்டைக்குள் விட்டு, பசை இறுகும்வரைக்கும் அசையாமல் பிடித்திருந்து, மெதுவாக இழுத்தாள். அரிசியைவிடச் சின்னதாக அது வெளியே வந்தது. பட்டியலில் மூன்றாவது வரி தானாக அழிந்தது.

வெளியே தெரு கூடியிருந்தது. மகிழினி அவள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். முகம் வந்தது.

"எல்லாரும் சாப்டாச்சா?"

குரல் அவள் மடியிலிருந்து வந்தது. மெலிசாக, கொஞ்சம் கரகரப்பாக, ஓரத்தில் பிசிறு தட்டி. அவள் மறந்தே போயிருந்த குரல். மகிழினி திடுக்கிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அது?" என்றாள்.

திரையில் இருந்தவனுக்கு அது கேட்டது.

"தெரு எங்க சுடரு? சத்தமே காணோம்."

"தெரு தெருவுல இருக்கு. இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

அவன் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கும் ஒரு சத்தம் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அவன் அறையில் ஏசி ஓடுகிற சத்தம், யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம், அவன் மூச்சு.

"போன வாரம் சிரிச்சீங்க," என்றாள். "மூஞ்சி சிரிக்கலியே."

"பாத்தியா?"

"நான்தான பாக்குறேன். அவங்க கேக்குறதோட சரி."

மறுபடி ஏசிச் சத்தம். பிறகு, "எனக்கு வரணும்போல இருக்கு சுடரு," என்றது அந்தக் குரல். "ஆனா பயமா இருக்கு. அங்க எல்லாரும் டேங்க்கத் தேடுவாங்க. அம்மாகூட. நான் அவ்வளவெல்லாம் பேசறவன் இல்லன்னு ஒனக்குத் தெரியும். அங்க வந்து நின்னா, இவனான்னு பாப்பாங்க."

"பேச வேணாங்க," என்றாள் அவள். நாக்கு நுனியில் ஒரு வாரமாகக் காத்திருந்த சொல் பின்னாலேயே வந்தது. "வந்துருங்க. வந்து சும்மா உக்காருங்க."

திரையில் அவன் தலையாட்டினான்.

வெளியே ஜெயமேரி டேங்க்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். "தம்பி? ஏ தம்பி?" சுடர்விழி எழுந்து போய்ச் சொன்னாள், "அவரு வர்றாருக்கா."

யாரும் திட்டவில்லை. கண்டக்டர் நாற்காலியை மடக்கப் பார்த்து, அது மடக்குகிற நாற்காலி இல்லை என்று ஞாபகம் வந்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு, "சரி, வண்டி ஷெட்டுக்குப் போயிருச்சு, எறங்குங்க எல்லாரும்," என்றபடி நடந்தார். சிவபாக்கியம் மட்டும் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மருமகளோடு பேச அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதற்குப் பிறகும் பெண்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் அரிவாள்மணையோடு வந்தார்கள், பழக்கம்தான், எதுவும் பேசாமல் காய் நறுக்கிவிட்டுப் போனார்கள். மீன்காரர் ஒருநாள் ஹாரனை லேசாக அடித்துப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால் மறுநாள் நன்றாகவே அடித்தார்.

ஆடிக்காற்று தொடங்கும்போது குணசீலன் வந்தான். நாலு பக்கமும் டேப் சுற்றிய பெட்டியோடு காரிலிருந்து இறங்கியவனைத் தெரு சூழ்ந்துகொண்டது. அவன் எல்லாரையும் பார்த்து, "நல்லாருக்கீங்களா" என்றான்.

"என்ன மாப்ள, சத்தமே வரல?" என்றார் கண்டக்டர். "கொஞ்சம் கூட்டி வைப்பா."

அவன் சிரித்தான், அவ்வளவுதான். அந்தப் புறா என்ன ஆயிற்று என்று ஜெயமேரி கேட்டாள். "இருக்குங்க," என்றான். கேட்டு வாங்கின சாமான் மாறி வந்துவிட்டது போல ஆளாளுக்கு ஒரு பார்வை பார்த்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

அதைக்கூட அவன் எதிர்பார்த்தே வந்திருந்தான். பிள்ளைதான் அவனிடம் போகவில்லை. வாங்கிவந்த பொம்மையை வாங்கிக்கொண்டது, அவன் கை நீட்டினால் தள்ளிப்போய் நின்றது. பிள்ளையைத் தேடிக்கொண்டு அவனும் சுடர்விழியும் டேங்க்கடிக்குப் போனபோது, அது டேங்க்கின் காது என்று நினைத்த இடத்தில் வாயை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது:

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வந்துருக்கு. நம்ம பாயில படுத்துக்குது. பேசவே மாட்டேங்குது. நீ பேசு."

குணசீலன் அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. "ஒரு காண்ட்ராக்ட் போட்டிருக்கலாம் சுடரு," என்றான். "புள்ளைக்காச்சும் அப்பா இருந்திருப்பான்." சத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது சரிதானா என்று அவளுக்கும் அந்த ஒரு நாள் தெரியாமல் போயிற்று.

இதற்கிடையில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. பேச்சு கலங்கும் என்று கழுவாமல் விட்ட டேங்க் அல்லவா, குடத்தில் பச்சையாக நூல் நூலாக வந்தது. பஞ்சாயத்து ஆள், போன தடவை டீ கொடுத்து அனுப்பினீர்களே என்று வர மறுத்துவிட்டார். யார் கழுவுவது என்று குழாயடியில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, குணசீலன் ஒன்றும் சொல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தேய்க்கிற பிரஷும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு, இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, ஏணி வைத்து ஏறி, மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கினான். சுடர்விழி ஏணியில் பாதி ஏறி வாளியோடு நின்றாள். தெரு அவரவர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மகிழினிக்கு இது பிடிக்கவில்லை, அந்த ஆள் அப்பாவுக்குள் இறங்கியதை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தாள். உள்ளே பிரஷ் சரட் சரட் என்று தேய்த்தது. வெகுநேரம் அது மட்டும்தான் கேட்டது.

பிறகு டேங்க் சொன்னது:

"சுடரு, இன்னொரு வாளி குடு."

பெரிதாக, வட்டமாக, நெஞ்சில் லேசாக அதிர்கிற மாதிரி. ஜெயமேரி கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டார். சிவபாக்கியம் வாசற்படியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"அப்பா!" மகிழினி ஓடிப்போய் இரண்டு கையாலும் டேங்க்கை அடித்தாள். "அப்பா! உள்ள என்ன பண்ற?"

பிரஷ் நின்றது. உள்ளே இருட்டில் ஒருவன் மூச்சுவிடுகிறது வெளியே எல்லாருக்கும் கேட்டது.

"கழுவுறேன்டா," என்றது டேங்க்.

"வெளிய வா."

"வந்தா இப்புடி சத்தமா பேச மாட்டேனே. கொரலு சின்னதாயிருமே. பரவால்லியா?"

பிள்ளை யோசித்தது. தெருவும் கூடச் சேர்ந்து யோசித்தது.

"பரவால்ல," என்றது பிள்ளை. "வா."

மூடியின் ஓட்டையிலிருந்து முதலில் பிரஷ் வெளியே வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த கை, பிறகு பாசி ஒட்டிய தலைமுடி, பிறகு நெற்றியெல்லாம் பச்சையாக அந்த முகம். மகிழினி அண்ணாந்து பார்த்தாள். அந்த ஆள்தான். பாயில் படுத்துக்கொள்கிற ஆள். அவள் டேங்க்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் டேங்க்கைப் பார்த்தாள். அவன் ஏணியில் இறங்கி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், கைகளை இரு பக்கமும் தொங்கவிட்டபடி அவள் முன்னால் நின்றான். பிரஷ் பிடித்திருந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்தது.

"ரெண்டு கை," என்றது, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "ஒண்ணு ஒழுகுது."